டொக்டர் சொன்ன பாரசீகப் பழமொழி

தங்கச்சிமாரே, பிரசவம் பார்ப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். போன மாதம் உங்களில் ஒருத்தி என்னைக் கிளினிக்கில் பார்த்து, "இத்தன வருசத்துல நீங்க கத்துக்கிட்டது என்னங்கம்மா?" என்று கேட்டாள். "பிறகு சொல்றேன்" என்று தப்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நாலு நாள் யோசித்தேன். எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன், அதெல்லாம் கைப்பழக்கம். கற்றுக்கொண்டது என்று பார்த்தால் இரண்டு சாவிலிருந்து கற்றதுதான். கூடவே ஒரு பழமொழியும் உண்டு. அது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, பாரசீகம். சிரிக்காதீர்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பாஷை எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் தோட்டத்து மருத்துவிச்சியாக, ஆட்கள் கூப்பிடுகிற பேரில் மிஸியாக, வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பாணுக்கும் மாவுக்கும் ஆட்கள் அலைந்த பஞ்சக் காலம் அது. அந்தக் கதை இப்போது வேண்டாம். பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. போர்டு மாறியது, தோட்டத்தை நடத்துகிற துரை மட்டும் துரையாகவே இருந்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு நோயாளியை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றால் லொறி வேண்டும். லொறி வேண்டும் என்றால் துண்டு, அதாவது அனுமதிச் சீட்டு, வேண்டும். நான் தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சருக்கு எழுதி அனுப்ப வேண்டும், அவர் துண்டு எழுதுவார், துரை அதில் கையெழுத்து வைப்பார். அதற்குப் பிறகுதான் டிரைவர் சாவியைத் தொடுவார். கொழுந்து ஏற்றுகிற அதே லொறிதான் ஆஸ்பத்திரிக்கும். உங்கள் கையில் இப்போது போன் இருக்கிறது, அம்புலன்ஸ் வருகிறது. வராத நாளும் இருக்கிறது என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பத்தொன்றாம் வருசம் என்று நினைக்கிறேன். தனலெட்சுமி என்று கொழுந்து பறிக்கிற பெண், அவளுக்கு மூன்றாவது பிரசவம். காலை ஒன்பது மணிக்கெல்லாம் பிள்ளை பிறந்துவிட்டது, ஆண் பிள்ளை, நன்றாக அழுதது. நஞ்சுக்கொடி மட்டும் வரவில்லை. ரத்தம் போகத் தொடங்கியது. என்னால் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன், நிற்கவில்லை. உடனே டிஸ்பென்சருக்கு எழுதிக் கொடுத்து ஆள் அனுப்பினேன். துரை கூட்டத்துக்கு நுவரெலியா போயிருக்கிறார், வந்ததும் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன் என்று பதில் வந்தது. ஃபெக்டரியில் நின்ற லொறிக்கு இன்னொரு ஆளை ஓட்டினேன். டிரைவர் பியதாச சிங்களவர், நல்ல மனிதர்தான். ஆனால் துண்டு இல்லாமல் லொறியை எடுத்தால் வேலை போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தனலெட்சுமியின் மாமியார் என் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டார்: "கம்பளியில போட்டுத் தூக்கிட்டுப் போயிரலாமுங்களாம்மா?"

கம்பளியின் இரண்டு முனையையும் ஒரு கம்பில் கட்டி, முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர் என்று ஆளைத் தூக்கிப் போகிற வழக்கம் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. லொறி இல்லாத காலத்தில் அதுதான் வண்டி. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆம்பளைங்கள்லாம் மலைக்குப் போயிட்டாங்களேம்மா. பெரட்டு கலைஞ்ச பொறவு கங்காணி ஆள் விடுவாரா? இருங்க, துண்டு வந்துரும்."

இதை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரு பெண் என் கண் முன்னால் வெளுத்துக்கொண்டு வருகிறாள், நான் கங்காணியின் கோபத்தைப் பற்றி யோசிக்கிறேன். வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஓடிப்போய் மலையில் நின்று கத்தியிருப்பாள். லயத்தில் பிறந்த எனக்குத் துண்டு என்றால் வேதம். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துப் போன ஆளைத் திருப்பிக் கூப்பிட முடியும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. துண்டு வரட்டும், மாதா பார்த்துக்கொள்வாள் என்று செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தனலெட்சுமி ஒருமுறை கண்ணைத் திறந்து, "லொறி வந்துருச்சாங்க?" என்று கேட்டாள். "வருது, வருது" என்றேன்.

லொறி ஒரு மணிக்கு வந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணிக்கு மேலாகிவிட்டது. வாட்டுக் கட்டிலில் தூக்கிப் போட்ட கொஞ்ச நேரத்தில் அவள் போய்விட்டாள்.

அங்கே அப்போது புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். ஈரானில் சில வருசம் வேலை செய்துவிட்டு, அங்கே குழப்பம் வந்ததும் திரும்பியவர் என்று நர்ஸ்மார் பேசிக்கொள்வார்கள். சிரிக்கத் தெரியாத மனிதர். கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் திரும்பினார்.

"எத்தினை மணிக்கு ரத்தம் போகத் தொடங்கினது?"

"ஒன்பது, ஒன்பதே காலுங்க டொக்டர்."

"இவ்வளவு நேரமும் என்ன செய்துகொண்டு இருந்தனீர்?"

துண்டுக்காகக் காத்திருந்ததைச் சொன்னேன். செபம் சொன்னதையும் சொன்னேன், ஏன் சொன்னேனோ தெரியவில்லை. அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். பிறகு எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொன்னார்.

"அஸ் தோ ஹர்கத், அஸ் ஹொதா பர்கத். நான் இருந்த ஊரிலை சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். உன்னட்டை இருந்து அசைவு, கடவுளிட்டை இருந்து ஆசீர்வாதம். முதல்லை நீர் அசைய வேணும். நீர் அசையாமல் இருந்தால் அவர் எதை ஆசீர்வதிக்கிறது? உம்முடைய செபமாலையையோ?"

வாட்டில் இருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் செத்துவிடலாம் போல் இருந்தது. ஆனால் அந்தச் சொல் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. திரும்பி வரும் வழியில் லிந்துலையில் நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற முஸ்லிம் முதலாளியின் கடையில் இறங்கி, அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கேட்டேன். தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயம் வேறு.

முதலாளி தராசை வைத்துவிட்டுச் சிரித்தார். "இது பார்சியில உள்ளது மிஸி. ஆனா ஹரக்கத்து, பரக்கத்து ரெண்டும் நம்ம ஆளுங்களுக்கும் தெரிஞ்ச சொல்லுத்தான். நாம கடையத் தொறக்கணும், ஆள அனுப்புறது அவன். தொறக்காத கடைக்கு எவன் வருவான்?" சீனியைச் சுற்றிக் கட்டிக்கொண்டே, "தொறந்த கடைக்கும் ஆள் வராத நாள் இருக்கு, அது வேற கதை" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அந்தப் பழமொழி எனக்கு மந்திரமாகிவிட்டது. விசிட்டுக்கு மலையேறும்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஏறுவேன். மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா முறைத்தாலும் கங்காணி கத்தினாலும் இனி அசைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். நம்புங்கள், நான் திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருசம், தென்மேற்கு மழைக் காலம். பாக்கியம் என்கிற பெண், தலைப்பிரசவம், எட்டாவது மாதம். காலை ஒன்பதரை மணிக்கு வலியே இல்லாமல் ரத்தம் போகிறது என்று ஆள் வந்தது. பிள்ளைக்கு முன்னால் ரத்தம் வந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், நஞ்சுக்கொடி வழியை அடைத்துக் கிடக்கிறது. வயிற்றைக் கீறுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. முறைக்காக டிஸ்பென்சருக்கும் ஃபெக்டரிக்கும் ஆள் அனுப்பினேன், ஆனால் நம்பிக்கை வைக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு கவ்வாத்து வெட்டுகிற மலைக்கு நானே ஓடினேன். கங்காணி, "யாரக் கேட்டு ஆளக் கூப்புடுறீங்க?" என்று குறுக்கே வந்தார். "கடவுளக் கேட்டு" என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரை இழுத்துக்கொண்டு வந்தேன். அதில் ஒருத்தர் பாக்கியத்தின் புருசன் மாரிமுத்து. கல்யாணமாகி ஒரு வருசமாகவில்லை. அவருடைய கம்பளியிலேயே அவளைப் படுக்க வைத்தோம்.

லயத்திலிருந்து டவுனுக்கு இரண்டு வழி. தோட்டத்து ரோட்டு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும், ஏழு மைல். குறுக்குப் பாதையில் ஏறி இறங்கினால் மூன்று மைலில் பஸ் ரோட்டு வந்துவிடும், ஆனால் அதில் வண்டி போகாது. குறுக்கில் போங்கள் என்றேன். மாரிமுத்து முன்பக்கக் கம்பைத் தோளில் வைத்தார். நான் பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். வழுக்குகிற இடங்களில் எட்டுப் பேரும் மாறி மாறித் தூக்கினார்கள். "பயமா இருக்குங்கம்மா" என்றாள் பாக்கியம். "நான் இருக்கேன்" என்றேன். என் வாய் முழுக்க ஹர்கத், ஹர்கத் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

முதல் ஏற்றத்தின் உச்சிக்கு வந்தபோது மாரிமுத்து நின்றார்.

"லொறி சத்தம் கேக்குதுங்கம்மா. லயத்துப் பக்கம் ஏறுது."

எனக்கும் கேட்டது. கீழே ஒரே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை. திரும்பி இறங்கினால் கால் மணி நேரத்தில் லயத்துக்குப் போய்விடலாம். நான் என்ன கணக்குப் போட்டேன்? போனமுறை நாலு மணி நேரம் எடுத்த துண்டு இந்தமுறை ஒரு மணி நேரத்திலா வரும்? பத்தரை மணிக்கு ஏறுகிற லொறி கொழுந்து லொறியாகத்தான் இருக்கும். இறங்கிப்போய் அங்கே வெறும் லொறியும் துண்டு இல்லாத டிரைவரும் நின்றால் மறுபடியும் உட்கார்ந்து காத்திருப்பதா? அந்த டொக்டர் மறுபடியும் கையைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்பாரே?

"கொழுந்து லொறிதான். நிக்காதீங்க, நடங்க" என்றேன்.

மாரிமுத்து ஒரு நிமிசம் என் முகத்தைப் பார்த்தார். படித்தவள் சொல்கிறாள் என்று நம்பி நடந்தார்.

பஸ் ரோட்டுக்கு வந்து கம்பளியை இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தாயும் போய்விட்டாள், வயிற்றில் பிள்ளையும் போய்விட்டது. மாரிமுத்துவுக்குப் புரியவில்லை. "பஸ் வருதுங்களா, பஸ் வருதுங்களா" என்று ரோட்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஏழு பேரும் தலையில் கைவைத்து மழையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான்தான் போய் அவர் தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் பியதாச என்னைத் தேடி வந்தார். அவர் தமிழ் பேசினால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

"மிஸி நோனா, நான் வந்தது. துண்டு இல்லாம வந்தது. போன தடவ அந்தப் பொம்பள செத்தது எனக்குத் தூக்கம் இல்ல. இன்னைக்கு ஆள் வந்து சொன்னது, கொழுந்துச் சாக்கு எல்லாம் ரோட்டுல எறக்கிப் போட்டது, வந்தது. லயத்துல யாரும் இல்ல. ஏன் நோனா நிக்காமப் போனது?"

அந்த லொறி ஆஸ்பத்திரிக்குப் போக வந்த லொறி. நாங்கள் இறங்கியிருந்தால் பாக்கியம் பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாள். தனலெட்சுமியின் சாவு என்னை மட்டும் அசைக்கவில்லை, பியதாசவையும் அசைத்திருந்தது. அவர் ஒரு வழியாக அசைந்தார், நான் ஒரு வழியாக அசைந்தேன். நடுவில் பாக்கியம் செத்தாள்.

ஒரு வாரம் கழித்து ரிப்போட்டை எடுத்துக்கொண்டு அந்த டொக்டரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைசியில் எனக்கு அடக்க முடியவில்லை.

"நீங்கதான டொக்டர் சொன்னீங்க, அசையணும்னு? அசைஞ்சேன். உங்க பரக்கத்து எங்கங்க?"

ஒரு நர்சும் அவரிடம் அப்படிப் பேசியிருக்கமாட்டாள். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அந்தச் சொல்லை எனக்கு ஆர் சொன்னது தெரியுமோ?" என்றார். "அங்கை பனிக்காலம். பிள்ளை பெற ஏலாமல் கிடந்த ஒரு பொம்பிளையை ஜீப்பிலை ஏத்திக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டனான். பாதி வழியிலை பாதை பனியாலை மூடிப்போச்சு. அவ ஜீப்புக்குள்ளையே செத்துப்போனா. நான் ரோட்டிலை இருந்து அழுதனான். அவவின்ரை தாய் வந்து என்ரை தலையைத் தடவி இதைச் சொன்னவ. நீ உன்ரை அசைவைச் செய்திட்டாய் மகன், மற்றது உன்ரை கையிலை இல்லை எண்டு. எனக்கு ஆறுதலாத்தான் சொன்னவ."

என் ரிப்போட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் அதை உமக்குப் பிரம்பாக்கிப் போட்டன். என்ரை பிழை."

என்னிடம் மன்னிப்புக் கேட்ட முதல் டொக்டர் அவர்தான், கடைசி டொக்டரும் அவர்தான். எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், ஆனால் ஆத்திரம்தான் வந்தது. "ஆறுதல் உங்களுக்கும் எனக்கும்தானுங்க டொக்டர். பாக்கியத்துக்கு?" என்று கேட்டேன். அவர் ரிப்போட்டில் கையெழுத்து வைத்துத் தந்தார். அதற்கும் ஒரு சமாதானம் சொல்லியிருந்தால் நான் அவரை மதித்திருக்கமாட்டேன். அதற்கடுத்த வருசத்து ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எங்கேயோ வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தங்கச்சிமாரே, அந்தப் பழமொழி பொய் என்று நான் சொல்லமாட்டேன். அசையாமல் இருந்தது பிழை, அது தனலெட்சுமியின் சாவு. ஆனால் அசைகிறோம் என்கிற பெருமையில் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதும் பிழைதான். போன தடவை பட்ட அடிக்குப் பயந்து இந்தத் தடவை முடிவெடுத்தேன். என் முன்னால் கிடந்தது பாக்கியம், நான் ஓடியது தனலெட்சுமிக்காக. இதை எந்தப் பயிற்சியிலும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். இனி நீங்களாவது பிழை செய்யாமல் இருப்பீர்களா என்றால், எனக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது. நீங்களும் ஒருநாள் பிழை செய்வீர்கள்.

மிச்சமாகக் கிடைத்தது ஒரே ஒரு வேலைமுறைதான். லொறிக்கும் ஆள் அனுப்புவேன், கம்பளியிலும் தூக்கச் சொல்வேன், ஆனால் குறுக்கில் போகவே மாட்டேன். ஏழு மைலானாலும் தோட்டத்து ரோட்டில்தான். லொறி வந்தால் வழியில் சந்திக்கும், வராவிட்டால் நடந்துகொண்டே இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய மூளை வேண்டியதில்லை. பாக்கியத்தைத் தூக்கிப்போன அன்றைக்கு அது எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

எண்பத்து நாலில் காளியம்மாள் என்கிற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஆள் கூப்பிட நான் லயத்து வாசலுக்கு வந்தேன். யாரும் சொல்லாமலே மாரிமுத்து கம்பளியோடும் கம்போடும் அங்கே நின்றார். பாக்கியம் போன பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எதிரில் வந்தால் ஒதுங்கி வழிவிடுவார். அன்றைக்கும் பேசவில்லை, முன்பக்கக் கம்பை எடுத்துத் தோளில் வைத்தார். "ரோட்டு வழியா" என்றேன். தலையை ஆட்டினார்.

இரண்டு மைல் போவதற்குள் வளைவில் லொறிச் சத்தம் கேட்டது. பியதாசதான். காளியம்மாளை ஏற்றினோம், நானும் ஏறிக்கொண்டேன். அவளுக்கு நாடி நன்றாக இருந்தது, பிழைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையில் பிழைத்தாள், இன்றைக்கும் இருக்கிறாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. மாரிமுத்து லொறியின் பின்பலகையைத் தூக்கிச் சாத்திக் கொக்கியை மாட்டினார். மாட்டிய கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு ஏத்தத்துல கேட்டதும் நமக்காக வந்த இந்த லொறிதானுங்களாம்மா?"

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இரண்டு வருசமாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"ஆமா மாரிமுத்து, இதே லொறிதான்" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, லொறி போவதற்காக ஒதுங்கி நின்றார்.